கொழுப்பு மாத்திரைக்கு நான் எழுதிய கவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆத்தூரில் மருந்துக்கடை வைத்திருந்தேன். ரத்தத்தில் கொழுப்பு என்று மருந்து வாங்க வருகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேர் இருந்தால் அதிகம். ரத்தம் சோதிக்கச் சேலத்துக்குப் போக வேண்டும். எங்கள் தெருவிலிருந்த வயதான டாக்டர், ஒல்லியோ குண்டோ, எல்லோருக்கும் குளோஃபைப்ரேட் கேப்ஸ்யூலைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்றே எழுதுவார். சென்னையில் படித்துவிட்டுப் புதிதாக வந்த டாக்டர் நிகோடினிக் அமில மாத்திரை எழுதினார். அதைக் கொஞ்சமாகத் தொடங்கி வாரா வாரம் கூட்ட வேண்டும்.

அந்த மாத்திரைக்கு முதலில் வந்தவர் நாமகிரிப்பேட்டைப் பக்கத்து விவசாயி. நாற்பது வயதிருக்கும். கண்ணிமைகளில், கொழுப்பு கூடியவர்களுக்கு வருவதுபோல, மஞ்சளாகச் சின்னத் தடிப்புகள். அண்ணன் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டதால் பயந்துபோய்ப் புது டாக்டரைப் பார்க்க வந்திருந்தார். சீட்டில் மருந்துப் பெயருக்குக் கீழே 1, 2, 3 என்று இருந்தது. முதல் வாரம் வேளைக்கு ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று அர்த்தம். பக்கத்தில் டாக்டர் கிறுக்கியிருந்ததை நான் சரியாகப் படிக்கவில்லை. கவரில் 'காலை 1, மதியம் 2, மாலை 3' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் கடை திறந்ததும் அவரும் மனைவியும் வந்து நின்றார்கள்.

"ஏனுங்க, என்ன மாத்திரைங்க குடுத்தீங்க?" என்றார் அந்த அம்மா. "சாயந்தரம் மூணையும் போட்டு அரைமணி நேரத்துல மூஞ்சியெல்லாம் மொளகாப்பழமாட்டச் செவந்துபோச்சுங்க. எரியுது எரியுதுன்னு தொட்டித் தண்ணிக்குள்ளாற எறங்கி உக்காந்துட்டாருங்க."

சீட்டை வாங்கி மறுபடி படித்தேன். விஷயம் புரிந்தது. 'இந்த மருந்தே அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பாதி உண்மைதான், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நிமிடம் அப்படி நினைக்கவும் செய்தேன். பிறகு கடையைச் சாத்திவிட்டு, இருவரையும் டாக்டரிடம் கூட்டிப்போய், "கவர்ல தப்பா எழுதினது நான்தாங்க" என்றேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். "என் கையெழுத்தும் லட்சணமா இல்ல" என்றார். பிறகு விவசாயியிடம், சிவப்பும் எரிச்சலும் தானாக அடங்கிவிடும், ஆபத்தில்லை, ஆனால் ஒன்றே ஒன்று போட்டாலும் கொஞ்சம் இருக்கும் என்று விளக்கினார். வேண்டாமென்றால் குளோஃபைப்ரேட் கேப்ஸ்யூலையே எழுதித் தருவதாகவும் சொன்னார்.

"அண்ணனுக்கு வந்தது எனக்கு வராதுங்களா?"

"வராதுன்னு சொல்ல முடியாதுங்க. கொழுப்பு கொறையும். அவ்வளவுதான் சொல்லலாம்."

"அப்ப இதையே போடறனுங்க."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த முறையிலிருந்து அந்த அம்மாதான் கடைக்கு வந்தார். நான் கவரில் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தானும் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவார். மற்றவர்கள் முன்னால் அப்படிப் படிப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் மறுக்கவில்லை.

அந்த மாத்திரை எழுதப்பட்ட மற்றவர்களில் பெரும்பாலானோர் எரிச்சல் தாங்காமல் ஒரு மாதத்திலேயே விட்டுவிட்டார்கள். அவர் மூன்று வருடம் விடாமல் போட்டார். சேலத்தில் எடுத்த சோதனைகளில் கொழுப்பு இறங்கியிருந்தது. பிறகு வயிற்றில் புண் வந்ததால் டாக்டர் நிறுத்திவிட்டார். நான் கடையை விற்ற வருடம், தன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க அவரே நேரில் வந்தார்.