பால் மாமனாருக்கு, கன்று வாரிசுக்கு

நிலத்தை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்த அன்று, என் மாமனார் தனக்கென்று ஓர் எருமையை மட்டும் நிறுத்திக்கொண்டார். புதுச்சத்திரம் சாலையோரக் காப்பிக் கடைக்குப் பால் ஊற்றுவார். அந்தக் காசில் வெற்றிலை, சுருட்டு, அமாவாசைக்கு மோகனூர் போய்க் காவிரியில் ஒரு முழுக்கு. அவ்வளவுதான் அவர் ஆசை. எருமையில் வாரிசுகளுக்கும் ஏதாவது வேண்டாமா என்று பங்காளிகள் இழுத்தார்கள். வழி சொன்னது நான்தான், உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் மூலமாக: ஆயுசுக்கும் பால் அவருக்கு; முதல் கன்று மூத்தவர் வீட்டுக்கு, அடுத்தது எங்களுக்கு, இப்படியே மாறி மாறி. எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் கன்று பிறந்தது. என் ஓரகத்தி லேசுப்பட்டவளா? தன் வீட்டுக் கன்றாயிற்றே, மாமனார் எழுவதற்கு முன்பே அவிழ்த்துத் தாயிடம் குடிக்க விட்டுவிடுவாள். கன்று கொழுகொழுவென்று ஆனது. அவர் சொம்போடு போய் உட்கார்ந்தால் அடி நனையும் அளவுக்குத்தான் பால்.

"கன்னு வளர வேண்டாமுங்களா மாமா?" என்பாள், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

ஒருநாள் அவர் மூத்த மகனிடம் வெற்றிலைக்குக் காசு கேட்டு நின்றதைப் பார்த்தேன். "எதுக்குங்கய்யா?" என்று கேட்டார் மகன். நிலத்தையெல்லாம் கொடுத்த மனிதர் தலையைச் சொறிந்தார்.

அன்றைக்கே அவரிடம் போனேன். "மாமா, இந்தக் கன்னு அவிங்களுக்கே போகட்டும், சொன்னது சொன்னதுதான். இனிப் பொறக்கறதெல்லாம் யாருக்குன்னு வாயே தொறக்காதீங்க. கன்னு பால் மறந்த பொறவு, கடைசீலதான் சொல்லுவேன்னு சொல்லிப்போடுங்க. யாருக்குன்னு தெரியாத கன்னுக்கு எவ திருட்டுத்தனமாப் பாலூட்டப் போறா?"

அவர் அப்படியே அறிவித்தார். அடுத்த ஈற்றில் சொம்பு நிரம்பி வழிந்தது. அது மட்டுமா? கிழவர் மனம் கோணக்கூடாதென்று இரண்டு வீட்டிலும் போட்டி போட்டுக்கொண்டு எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தோம். மாமனார் காப்பிக் கடையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, போகிற வருகிற வண்டிக்காரர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

வம்பு எனக்கே வந்தது. புதுக் கன்று கிடாரி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அதன்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. யோசனை சொன்னவளுக்கு இதுகூடக் கிடையாதா என்று நினைத்துக்கொண்டு, ஒருநாள் வெற்றிலை மடித்துக் கொடுத்தபடி மெல்லக் கேட்டேன்.

"மாமா, அந்தச் சுட்டிக் கிடாரி நம்மூட்டுக்குத்தானுங்களே?"

அவர் நிதானமாக மென்றார். "இப்பவே சொல்லிப்போட்டா, நாளைக்கு எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆரு சாமி ஆட்டறது?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்து தொலைத்தது. மறுநாள் விடிந்ததும் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தேன். மூத்தவர் வீட்டில் அதற்குள் ஆட்ட ஆரம்பித்திருந்தார்கள்.