காட்டை விட்டு வெளியே வரவில்லை

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸான முதல் பெண் நான். அதற்கு மேல் படிக்க வைக்கவில்லை. ஆனால் என்னைப் பெற்ற அத்தாவுக்கு அதில் பெருமை அதிகம். வீட்டின் முன்பக்கம் அத்தாவின் வெங்காய மண்டி, பின்பக்கம் நாங்கள். இங்கிலீஷில் காகிதம் ஏதாவது வந்தால் அத்தா உள்ளே பார்த்து என்னைக் கூப்பிடுவார். நான் நடைக் கதவோரம் நின்று படித்துப் பொருள் சொல்வேன். மண்டிக்கு வந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எங்கள் மண்டிக்கு வெங்காயம் கொண்டுவருவார். நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து தெரிந்தவர். அவரை மாமா என்பேன், அவர் என்னைத் தாயி என்பார். அவருடைய ஒரே மகன் மலைமேல் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்தான். ஏலக்காடு என்றுதான் எல்லோரும் சொல்வோம். பொங்கலுக்கு இறங்கி வருகிறேன் என்று சொல்லியிருந்த மகன் வரவில்லை. மாமா என்னிடம் வந்து, எஸ்டேட் துரைக்கு ஒரு காகிதம் எழுதச் சொன்னார். மகன் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டு நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. இரண்டே வரி. முதல் வரி, ‘ஹி இஸ் நாட் யெட் அவுட் ஆஃப் த உட்ஸ்.’ இரண்டாவது வரி, விரும்பினால் நீங்கள் வந்து அவனைப் பார்க்கலாம் என்பது.

‘உட்ஸ்’ என்றால் காடு. அது எனக்குத் தெரியும். “உங்க மகன் இன்னும் காட்டை விட்டு வெளிய வரலையாம் மாமா. பாக்கணும்னா போய்ப் பாக்கலாமாம்” என்றேன்.

சொல்லும்போதே ஏதோ இடித்தது. காட்டிலேயே இருக்கும் துரை, அவன் காட்டை விட்டு வரவில்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்? எஸ்டேட் என்று எழுதியிருக்கலாமே? அலமாரியில் அகராதி இருந்தது. செத்த நேரம் இருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மண்டியில் அன்று ஆறேழு பேர் இருந்தார்கள். அத்தா அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

வேலை அதிகம் போலிருக்கிறது, வெங்காயம் எடுத்ததும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா அத்தாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஒன்பதாம் நாள் மகனின் உடல் எஸ்டேட் லாரியில் கன்னிவாடிக்கு வந்தது. மலைக்காய்ச்சல். மூன்று வாரமாக எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். மலையிலிருந்து இறங்கிய ஒரு ஆளிடம் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆள் சொல்லவில்லை. சொல்லியிருப்பான் என்று நினைத்துத்தான் துரை இரண்டு வரியோடு நிறுத்தியிருக்கிறார்.

அத்தா துக்கம் கேட்கப் போயிருந்த அன்று நான் அகராதியை எடுத்தேன். காடு என்ற அந்தச் சொல்லுக்குக் கீழே, கடைசியில் இருந்தது: ‘அவுட் ஆஃப் த உட்ஸ்’ என்றால் ஆபத்திலிருந்து தப்புதல். மறுபடியும் மறுபடியும் படித்தேன். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து மாமா மண்டிக்கு வந்தார். சரக்கு கொண்டுவரவில்லை. நேராகக் கதவோரம் வந்து நின்றார்.

“தாயி, அந்தக் காயிதத்துல ஒடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தைகூட இல்லையேம்மா?”

“இல்ல மாமா” என்றேன்.

“அதான். தொரை மறைச்சுட்டான்.”

அத்தாவும் சேர்ந்து துரையைத் திட்டினார். காய்ச்சல் என்ற சொல் அந்தக் காகிதத்தில் இல்லை என்பது உண்மைதானே என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பழனியில் கல்யாணமானது. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவனுக்கு ஒருமுறை கடுங்காய்ச்சல் கண்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்திலேயே இருந்தேன். அவன் பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர், போய்ச் சொல்லிவிடு, நானும் வருகிறேன் என்றார்.

கன்னிவாடிக்குப் பஸ்ஸில் போனோம். மாமா தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மிகவும் மெலிந்திருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன். அந்த வரிக்கு உண்மையான பொருள், உங்கள் மகன் இன்னும் ஆபத்தைத் தாண்டவில்லை என்பது. வந்து பார்க்கச் சொல்லித்தான் துரை எழுதியிருந்தார். நான் தப்பாகச் சொன்னேன். பிறகு நீங்கள் கதவோரம் வந்து கேட்ட அன்று எனக்கு அது தெரியும்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“அப்ப அந்த மனுசன் சொல்லித்தான் இருக்காரு.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தான் மலையேறிப் போனதை அப்போதுதான் சொன்னார். துரையின் பங்களா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார். உன் பிள்ளையும் இப்படிப் போகணும் என்று சொல்லியிருக்கிறார். துரை வெளியே வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மாமா முடிக்கும் வரை நின்றாராம்.

“ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை தாயி. நான் பேசுனது அவருக்கு வெளங்கியிருக்குமா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் அங்கே போனேன். அதைக் கொண்டுபோய் அவர் தலையில் வைத்துவிட்டேன் என்று அந்த வரப்பில் நின்றபோதுதான் புரிந்தது. இத்தனை வருடம் கோபமாவது அவருக்குத் துணையாக இருந்தது. அதையும் எடுத்துவிட்டேன்.

துரைக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு காகிதம் எழுத முடியுமா என்று மாமா கேட்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன், மிகச் சாதாரணமான சொற்களில். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். நானும் சொன்னேன். கடைசியில், துரையின் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று சேர்க்கச் சொன்னார்.

மூன்று வாரத்தில் அந்தக் காகிதம் பிரிக்கப்படாமலே பழனிக்குத் திரும்பி வந்தது. துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார், விலாசம் தெரியாது என்று உறைமேல் எழுதியிருந்தது. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு கன்னிவாடிக்குப் போனேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன். அவர் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.