நாலாவது கியர்

அன்பரசன் பதினான்கு வருடங்களாக டிரெய்லர் லாரி ஓட்டுகிறார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் அவர் டிரெய்லர் லாரியில் உட்கார்ந்திருக்கிறார். எண்ணூர்ப் பக்கத்துக் கிடங்கில் கன்டெய்னரை ஏற்றித் துறைமுக கேட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. தூரம் பதினான்கு கிலோமீட்டர். நல்ல நாளில் ஒரு பகல், கெட்ட நாளில் இரண்டு பகல். அந்த லாரி வரிசையில் அவர் முகம் வழித்திருக்கிறார், ரசம் வைத்திருக்கிறார். ஒருமுறை சாவியைத் தோஸ்திடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்தார். முன்னால் நின்ற லாரி அங்கேயே நின்றது.

அந்த வரிசைக்குப் பக்கத்தில்தான் அரசாங்கம் வருடா வருடம் ‘வேகத்தைக் குறைப்பீர்’ என்று பலகை வைக்கும். செவ்வாய்க்கிழமையிலிருந்து நகராதவனுக்கு இதைவிடச் சுலபமான அறிவுரை உண்டா? போன வருடம் துண்டுச் சீட்டும் கொடுத்தார்கள். வேறு வேலை இல்லாததால் எல்லா டிரைவர்களும் அதை வரி விடாமல் நாலு தடவை படித்தார்கள். பிறகு அதிலேயே சுண்டல் மடித்து வாங்கித் தின்றார்கள். அச்சடித்த சீட்டுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.

அன்பரசனுக்கு இருந்த ஒரே குறை மச்சான் பீம்ராவ். மனைவி செங்கொடியின் தம்பி. நாக்பூருக்கும் புனேவுக்கும் லோடு அடிக்கிறவன். ஊர் திரும்பினால் வியாசர்பாடித் தெருமுனையில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்பான்:

“இன்னா ஆமை மாமா, இன்னிக்கு செகண்ட் கியர் போட்டியா, அதுக்கும் லீவா?”

தெரு சிரிக்கும். சின்னப் பிள்ளைகள் சிரிக்கும். செங்கொடியும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அதுதான் அன்பரசனுக்குச் சுருக்கென்றிருக்கும். அவருக்குக் காரும் வேண்டாம், பங்களாவும் வேண்டாம். அந்தப் பயல் ஒரு தடவையாவது ‘ஆமை’யை விட்டுவிட்டு ‘மாமா’ என்று மட்டும் கூப்பிட வேண்டும்.

இந்த நிலையில் மார்ச் மாதம் வந்தது. சாலைப் பாதுகாப்பு விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதி மிஞ்சியிருந்தது. சாவிக்கொத்து, குடை, பலூன் எல்லாம் கொடுத்துத் தீர்த்தாகிவிட்டது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும், அதைவிட அவமானம் ஓர் அலுவலகத்துக்குக் கிடையாது. எனவே ஒரு நிஜமான முன்மாதிரி டிரைவரின் படத்தைப் பன்னிரண்டு இடங்களில் பெரிய போர்டாக வைப்பது என்று முடிவானது. பதினான்கு வருடத்தில் ஒரு விபத்தில்லை, ஓர் அபராதமில்லை, சராசரி வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஒரு டிரைவர் அகப்பட்டார். அதிகாரி உருகிப்போனார். “என்ன கட்டுப்பாடு!” என்றார். ஏன் ஒன்று என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பட்டியலில் ஏழாவது இடம் பீம்ராவின் தெருமுனை. அன்பரசன் அன்றிரவு தூங்கவே இல்லை.

மீஞ்சூர் தாண்டி, காலியான அகலச் சாலையில் படப்பிடிப்பு. வண்டியிலும் லோடு இல்லை. விளம்பர கம்பெனியிலிருந்து வந்த கீர்த்தி, கண்ணாடிக்கு மேலே ஒரு சின்ன கேமராவை ஒட்டிவிட்டு, “முப்பதுல வாங்கண்ணே. முகத்துல நிம்மதி தெரியணும்” என்றாள். அவள் காரில் பின்னால் வந்தாள்.

நிம்மதி வரவில்லை. பழக்கதோஷத்தில் அன்பரசன் நாற்பது அடிக்கு ஒருமுறை பிரேக் போட்டார். கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். முதல் தடவை எடுத்ததைப் பார்த்துவிட்டுக் கீர்த்தி வந்து கேட்டாள்:

“யாரைத் தேடுறீங்க?”

“முன்னால வண்டியே இல்லியேம்மா. ஒரே பேஜாரா கீது.”

ஒன்பது தடவை எடுத்தார்கள். ஒன்பதிலும் வயிற்றுவலிக்காரர் முகம். பத்தாவது தடவை போகும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. மூன்றாவது கியர் வரை வந்திருந்தார். நாலாவது இன்னும் இருக்கிறதா, துருப்பிடித்துப் போய்விட்டதா என்று ஒரு சந்தேகம். சும்மா தொட்டுத்தான் பார்த்தார். அது பழைய தோஸ்து தோளில் கை போட்டதுபோல் விழுந்தது. காற்று சட்டைக்குள் புகுந்தது. நாற்பது. ஐம்பது. பனைமரங்கள் பின்னால் ஓடின. இதற்குத்தான் லாரிக்கு வந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாய்விட்டுச் சிரித்தார். அறுபத்திரண்டு.

பின்னால் ஹாரன் அலறியது. வண்டியை ஓரங்கட்டினார். கீர்த்தி காரிலிருந்து குதித்து வந்தாள்.

“முப்பதுன்னு சொன்னேன்!”

“போர்டு பூட்ச்சாம்மா?” என்றார் அன்பரசன். கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு போர்டுமா அவருக்குப் பெரிது? அந்த ஏழாவது ஒன்றுதான்.

அவள் கேமராவை எடுத்துப் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். ஒன்பது வயிற்றுவலி. பத்தாவதில் நின்றுவிட்டாள். தேதியோ முப்பது, மறுநாள் கணக்கு முடிகிறது.

“போட்டோவுல வேகம் தெரியாதுண்ணே. நீங்களும் சொல்லாதீங்க” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் அன்பரசன் இருபதடி உயரத்தில் சிரித்தார். கீழே ‘நிதானமே நிம்மதி’ என்று எழுதியிருந்தது. நிஜ அன்பரசன் டீக்கடை ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றார். நாக்பூரிலிருந்து பீம்ராவ் வந்து இறங்கும் நேரம். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியிருந்தது.

“பீம்ராவு, உங்க ஆமைக்கு கவர்மென்ட்டு பேனர் வெச்சிக்கிது பாத்தியா!” என்று ஒருவன் எடுத்துக் கொடுத்தான். சிரிப்பு கிளம்பியது.

பீம்ராவ் அண்ணாந்து பார்த்தான். சிரிக்கவில்லை. நேராக டீக்கடைக்கு வந்து அன்பரசன் காதோரம் குனிந்தான்.

“முப்பதுல போனா அந்தச் சிரிப்பு வராது. எவ்ளோ?”

அன்பரசன் சுற்றுமுற்றும் பார்த்தார். “அறுபத்திரண்டு.”

பீம்ராவ் நிமிர்ந்தான். தெருவைப் பார்த்து, “இன்னாத்துக்குடா சிரிக்கிறீங்க? நிதானம்னா இன்னான்னு எங்க மாமாவைப் பாத்துக் கத்துக்கோங்கடா” என்று சத்தம் போட்டான். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, “மாமாவுக்கு ஒரு டீ” என்றான்.