எதிர்ப்பக்கமாக நடந்தவர்

மாத்தளைப் பூங்காவில் மாலையில் நடக்கிற நாங்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவோம். அவர் மட்டும் எதிர்ப்பக்கமாக வருவார். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம், காலில் அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத கன்வஸ் சப்பாத்து. பங்குனி வெயிலில் புல் கருகிக் கிடந்தாலும் வருவார். நோன்பு மாதத்தில் உதடு வறண்டிருக்க, மெதுவாக வருவார். ஐப்பசி மழையில் குடையைப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொள்வார். முன்பக்கம் முழுக்க நனையும்.

கணவர் இறந்த பிறகுதான் நான் பூங்காவுக்குப் போகத் தொடங்கினேன். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. மறுநாள் அவர் என் முன்னால் வந்து நின்றார்.

“எங்க தங்கச்சி, ரெண்டு நாளாக் காணல்ல?”

வீட்டில் என்னை அப்படிக் கேட்க ஆளில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில், “நீங்க ஏன் நானா இந்தப் பக்கமா நடக்கிறீங்க?” என்றேன்.

“அந்தப் பக்கமா நடந்தா முதுகுதானே தெரியும். யாரு வந்தாங்க, யாரு வரல்லன்னு எப்பிடித் தெரியும்?”

போன மழைக்காலத்துக்குப் பிறகு அவர் வரவில்லை. வாசலில் கடலை விற்பவரிடம் விசாரித்தேன். அவருக்கும் தெரியவில்லை. வீடு எங்கே என்று நாங்கள் யாருமே கேட்டுவைக்கவில்லை.

இப்போது நான் எதிர்ப்பக்கமாக நடக்கிறேன். நேற்று, சில நாட்களாக வராதிருந்த ஒரு பெண்ணை நிறுத்தி, “எங்கேம்மா, ஆளையே காணோம்?” என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

“நீங்க அந்த நானாவுக்கு வேண்டியவங்களா?”

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆமாம் என்றேன்.