தலையசைத்த டாக்டர்

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கடற்கரைச் சாலையில் தொடர் எடுக்க லண்டன் டெலிவிஷன்காரர்கள் வந்தார்கள். கதாநாயகருக்கு மொழிபெயர்க்க நான் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். பல வருடங்களாக டாக்டர் வேடத்திலேயே நடித்துப் பேர் வாங்கியவர் அவர்.

வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக அவர் நின்றபோது, நெல்லித்தோப்புப் பெண் ஒருத்தி காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஓடி வந்தாள். பிரெஞ்சு டாக்டர்களை ‘முசே’ என்று மரியாதையாகக் கூப்பிட்டு, அவர்களிடம் வைத்தியம் பார்த்துப் பழகிய ஊர் இது.

“முசே, புள்ளய பாருங்க!”

“அக்கா, இவரு டாக்டர் இல்ல, நடிகரு.”

“போடா, எனக்குத் தெரியாதா? நீ இங்கிலீசுல சொல்லு, போதும்.”

சொன்னேன். அவர் முகம் வெளிறியது. “எங்கள் ஊரிலும் தெருவில் என்னை நிறுத்திப் புண்ணைக் காட்டுவார்கள். எனக்கு வைத்தியம் எதுவுமே தெரியாதே” என்றவர், தாயையும் பிள்ளையையும் வேனில் ஏற்றினார்; நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டம் போட்ட சட்டையில் வந்த நிஜ டாக்டர் கை நீட்டினார். அவள் குழந்தையைத் தராமல் நடிகரையே பார்த்தாள். தொடரில் செய்வதுபோல அவர் மெல்லத் தலையசைத்தார். அப்புறம்தான் கொடுத்தாள்.

கதவு மூடியது. அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“பொழச்சிக்குமான்னு முசேவ கேளு தம்பி.”

கேட்டேன். இந்த முறை அவர் தலையசைக்கவில்லை; மடியிலிருந்த கோட்டை இன்னும் சின்னதாக மடித்தார்.