முட்டைக்குள் ஓடிய சிவப்பு இழைகள்

வடசேரியில் லாரியிலிருந்து முட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது கல்லூரி ஆய்வகத்து செல்வராஜ் போன் செய்தார். ஹெலன்பாய் டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றார். சரி என்று வைத்துவிட்டு மீதி முட்டையையும் இறக்கச் சொன்னேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கிற நீங்கள் டீச்சரிடம் விலங்கியல் படித்தவர்கள். நான் அவர்களுக்கு முட்டை விற்றவன். எனக்குத் தெரிந்த டீச்சரைச் சொல்கிறேன்.

முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்று, "சேவலோட மேய்ஞ்ச கோழிக்க முட்டை வேணும் அண்ணாச்சி, இன்னைக்கு இட்டதா இருக்கணும்" என்றார்கள். நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் முட்டையை இப்படிக் குறிப்பாகக் கேட்டால் செய்வினைக்குத்தான். சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு இது எதற்கு? கேட்டே விட்டேன். "யாருக்கு வைக்கதுக்கு டீச்சர்?"

"எங்க பிரின்சிபாலுக்குத்தான். வெளிய சொல்லிராதீங்க."

முகத்தில் சிரிப்பே இல்லை. அது கேலி என்று எனக்குத்தான் உறைக்க நேரமாயிற்று. கல்லூரி ஆய்வகத்தில், முட்டைக்குள் குஞ்சு வளரும்போது நுண்ணிய ரத்தக்குழாய்கள் எப்படி உண்டாகின்றன என்று பார்க்கிறார்களாம். சேவல் சேராத பண்ணை முட்டையில் குஞ்சுக்கான கரு கூடாது. சிதறால் பக்கம் வீடுகளில் வளர்க்கும் கோழிகளின் முட்டையை வரவழைத்துக் கொடுத்தேன். விலை கூட்டித்தான் வைத்தேன். அவர்கள் பேரம் பேசவில்லை. ஆனால் கரு கூடாத முட்டையை விடாமல் திருப்பிக் கொண்டுவந்து மாற்றிக் கேட்டார்கள். அப்போதே மதிப்பு வந்துவிட்டது.

ஒருநாள் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டுக் காட்டினார்கள். முட்டை ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. உள்ளே சிவப்பு இழைகள், வேர் மாதிரி. பிராணவாயு கிடைக்காத செல் ஒரு புரதத்தை வெளியே விடும், அதுதான் அதன் கூப்பாடு என்றார்கள். அது எட்டிய இடத்தில், பழைய குழாயின் சுவரிலிருந்து ஒரு செல் கூப்பாடு வந்த திசைக்குக் கிளம்பும். கிளம்பும்போதே பக்கத்துச் செல்லுக்கு, நான் முன்னால் போகிறேன், நீ பின்னால் வா என்று தகவல் கொடுத்துவிடும். பின்னால் வருபவை சேர்ந்து குழாயாகும்.

"எல்லாம் முன்னால போவணும்னு நின்னா?" என்றேன். எங்கள் வியாபாரிகள் சங்கத்தை நினைத்துத்தான் கேட்டேன்.

"குழாய் உருப்படாது அண்ணாச்சி. கண்டபடி கிளைக்கும்."

பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள், வந்த சரக்கை விளக்கில் காட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். நான் இடது கண்ணை மூடி வலது கண்ணால்தான் பார்ப்பேன். எடுத்த முட்டையில் எல்லாம் கறுப்பாக இழை ஓடியது. பண்ணைக்காரன் குஞ்சு பொரிக்க அடைவைத்த முட்டையை என் தலையில் தள்ளிவிட்டிருக்கிறான் என்று லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டு, போனில் அவனை வாய்க்கு வந்தபடி பேசினேன். டீச்சர் அப்போதுதான் வந்தார்கள். சோதிக்க எடுத்து வைத்திருந்த முட்டையை வாங்கி விளக்கில் பார்த்தார்கள். பிறகு, அதே வலது கண்ணால் எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொன்னார்கள். சுவரிலும் இழை ஓடியது.

"முட்டையில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உங்களுக்க கண்ணுக்குள்ள ரத்தம் கசியுது. எத்தனை வருசமா சுகர்?"

கண் டாக்டரும் அதைத்தான் சொன்னார். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றார். எழுந்து வந்துவிட்டேன். ஒரு கண் நன்றாகத்தானே இருக்கிறது, போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் டீச்சர் கடைக்கு வந்து காலி முட்டைத் தட்டு அடுக்கின் மேலேயே உட்கார்ந்தார்கள். சர்க்கரை பழைய குழாயை அடைத்துப்போட்டது, பட்டினி கிடக்கிற விழித்திரை கூப்பாடு போடுகிறது, வருகிற புதுக்குழாய் வலுவில்லாமல் வந்து கசிகிறது, அந்தக் கூப்பாட்டை அடக்கத்தான் ஊசி என்றார்கள்.

"முட்டைக்குள்ள குஞ்சை வளத்தது எனக்க கண்ணை மட்டும் கெடுக்குமா டீச்சர்?"

"அதுக்கு நல்லது கெட்டது தெரியாது அண்ணாச்சி. கூப்பிட்டா வரும்."

"ஊசி போட்டா பார்வை வருமா? உறுதி சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். போடல்லேன்னா இருக்கதும் போவும், அதைச் சொல்லுதேன். யாவாரம் பண்ணுத ஆளு, நீங்களே பாத்துக்கிடுங்க."

மற்ற எல்லாரும் பயப்படாதே என்றுதான் சொன்னார்கள். இவர்கள் ஒருத்தர்தான் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் போனேன். கூடவே வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்ததும் ஒரு சாயா சொன்னேன். கடைக்காரரிடம் சீனி வேண்டாம் என்று நான் சொல்லும் முன்பே அவர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகும் பல ஊசி. இழை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

அடக்கத்தன்று சர்ச்சில் பெட்டியின் பக்கத்தில் நின்றேன். நிறையப் பேர் ஜெபம் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் வராது. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம் தெளிவாகத் தெரிந்தது. டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது, அவர்கள் போகவிடாமல் காத்துத் தந்த அந்தக் கண்தான்.