வயர் இல்லாத எட்டாவது போர்ட்

பேய், பிசாசு, காத்துக் கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. பன்னிரண்டு வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். எது கெட்டாலும் காரணம் வயரிலோ, கரண்டிலோ, என்னைப் போன்ற அவசரக்காரர்களின் விரலிலோதான் இருக்கும். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதுவும் ராத்திரியில் இல்லை, அருப்புக்கோட்டை வெயில் மண்டையைப் பிளக்கிற பகல் பன்னிரண்டரை மணிக்கு.

எங்கள் ஆஸ்பத்திரியின் தலைமை இடம் அருப்புக்கோட்டை, திருச்சுழியில் ஒரு கிளை. அங்கே டாக்டர் காலையில் மட்டும்தான் இருப்பார். அதற்குப் பிறகு யாராவது நெஞ்சுவலி என்று வந்தால், நர்ஸ் இ.சி.ஜி. எடுத்து நெட்வொர்க் வழியாக அனுப்ப, இங்கே மாடியில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊசி.

அன்று நான் செய்யப் போனது சின்ன வேலை. அதுவரை தகவல் கிளைக்குப் போகும் வழியை, வயர்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் என்கிற பெட்டியில் நானே எழுதி வைத்திருந்தேன். இனிமேல் ஓ.எஸ்.பி.எஃப். முறை. அதில் ஸ்விட்சுகள் பத்து விநாடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று ஒன்றையொன்று கூப்பிட்டு, வழியைத் தாங்களே தெரிந்துகொள்ளும். கூப்பிடுவது நம்முடைய ஸ்விட்சுதானா என்று அறிய இரண்டு முனையிலும் ஒரே ரகசிய எண் இருக்க வேண்டும். முந்தின நாளே பஸ்ஸில் போய்த் திருச்சுழி ஸ்விட்சில் எல்லாம் அமைத்துவிட்டு வந்திருந்தேன். அன்று இங்கே எண்ணை அடித்துவிட்டு, திருச்சுழி ஸ்விட்ச் வந்து சேர்ந்ததா என்று பார்க்காமலே பழைய வழியை அழித்துவிட்டேன். புத்தி கெட்ட வேலை. திருச்சுழி சேரவில்லை.

அந்த நேரம் பார்த்து அங்கிருக்கும் நர்ஸ் செல்வியின் போன்.

“அக்கா, இ.சி.ஜி. போக மாட்டேங்குது. பருத்திக்காட்டுல இருந்து ஒருத்தரக் கூட்டியாந்துருக்காக, வேர்த்து ஊத்துது, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டே இருக்காரு. மெஷின்ல பேப்பரும் தீந்துருச்சு, போட்டோ எடுத்து அனுப்பவும் வழியில்ல.”

“ரெண்டு நிமிஷம் செல்வி.”

“ரெண்டு நிமிஷம் தாங்குவாரான்னு தெரியலக்கா.”

அவருக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான் என்பது தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. பழைய வழியைத் திரும்ப எழுத ஆரம்பித்தேன், இரண்டு முறை தப்பாகப் போனது. மூன்றாவது முறை பாதி வரியில் இருக்கும்போது திரையில் தானாக ஒரு செய்தி ஓடியது. எட்டாவது போர்ட்டில், அதாவது வயர் செருகும் எட்டாவது ஓட்டையில், ஒரு ஸ்விட்ச் சேர்ந்துவிட்டது, அதன் மூலமாகத் திருச்சுழிக்கு வழி கிடைத்துவிட்டது.

“போயிருச்சுக்கா, டாக்டர் லைன்ல வாராக,” என்று செல்வி போனை வைத்துவிட்டாள்.

நம்பினால் நம்புங்கள், எட்டாவது போர்ட்டில் வயரே கிடையாது. அது எம்.ரெட்டியபட்டியில் இருந்த கிளைக்கானது. அந்தக் கிளையை மூடியபோது, போன வருடம், நான்தான் வயரைப் பிடுங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் வெறும் ஓட்டைக்கு மேலே பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கிறது. திரையில் இருந்ததும் ரெட்டியபட்டி ஸ்விட்சின் அடையாள எண்தான். அந்த ஸ்விட்ச் என் முதுகுக்குப் பின்னால் பீரோவுக்குள், கரண்ட் இல்லாமல் கிடந்தது. எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. அந்த வெயிலில் பீரோவும் சூடாகத்தான் இருந்தது, அதனால் அதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

ஊசி போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றியதில் மனிதர் பிழைத்துக்கொண்டார். செல்வி அதைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ரகசிய எண்ணை மறுபடி நிதானமாக அடித்தேன். உடனே திருச்சுழி சேர்ந்தது. எட்டாவது விளக்கு அணைந்தது.

முதலில் ஏன் சேரவில்லை என்று தெரிய வேண்டுமே, நான் அடிப்பதெல்லாம் பதிவாகும் லேப்டாப் ஃபைலைத் திறந்தேன். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி அடித்திருந்தேன். அதனால்தான் திருச்சுழியை உள்ளே விடவில்லை. அப்படியானால் எட்டாவது போர்ட்டில் வந்தது, நான் தப்பாக அடித்த அதே எண்ணைச் சொல்லித்தான் உள்ளே வந்திருக்கிறது. தப்பாக அடித்தது அப்போது எனக்கே தெரியாது. அறையில் வேறு யாரும் இல்லை.

இன்றைக்கும் அதே அறையில்தான் எனக்கு வேலை. ரகசிய எண் அடிக்கும்போது மட்டும், தனியாக இருந்தாலும், ஒரு கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டுதான் அடிக்கிறேன்.